வீட்டுக்குள் வரும் நாற்றப்பூச்சி

கார்த்திகை பிறந்து அவரைப் பந்தல் பூக்கத் தொடங்கியதும் திருப்பூர், பல்லடம், அவிநாசிப் பக்கத்து வீடுகளில் ஒரு தொல்லையும் கூடவே தொடங்குகிறது. அவரைக் கொடியின் தண்டை ஒட்டி, உளுந்தளவில், பச்சையும் பழுப்பும் கலந்த நிறத்தில் கூட்டங்கூட்டமாக ஒரு பூச்சி உட்கார்ந்திருக்கும். கொடியில் காயும் வெள்ளைத் துணியில் அது வந்து ஒட்டிக்கொள்ளும். துணியோடு துணியாக வீட்டுக்குள் நுழையும். தெரியாமல் அதை அமுக்கிவிட்டால் போதும், வீட்டிலுள்ள அத்தனை பேரும் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

மற்ற ஊர்களில் இது வெறும் தொல்லை. நம் ஊரில் காசும் சேர்ந்து போகிறது. பனியன் கம்பெனியிலிருந்து பீஸ்களை வீட்டுக்குக் கொண்டுவந்து பிசிறு வெட்டிக் கொடுக்கும் குடும்பங்கள் பல உண்டு. வெள்ளைப் பீசின் மடிப்பில் ஒரு பூச்சி நசுங்கினால் பழுப்பு மஞ்சளாக ஒரு கறை விழும், நாற்றமும் தங்கும். செக்கிங் மேசையில் அந்தப் பீஸ் தள்ளப்படும். ஆகவே இந்தப் பூச்சியைப் பற்றி நன்றாகத் தெரிந்துகொள்வது நமக்கு நல்லது. உயிரியல் பாடத்தை நான் தொட்டுக்கொள்ள மட்டும் போகிறேன். இதில் பெரும்பகுதி நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியல்தான் என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம்.

பூச்சி யார்?

வேளாண் அறிஞர்கள் இவ்வகைப் பூச்சிகளை நாவாய்ப்பூச்சிகள் என்று அழைக்கிறார்கள். ஊசி போன்ற வாயால் செடியின் சாற்றை உறிஞ்சி வாழ்பவை இவை. நெற்கதிரில் பால் பிடிக்கும் சமயம் வரும் கதிர்நாவாய்ப்பூச்சி, காய்கறித் தோட்டத்துப் பச்சை நாவாய்ப்பூச்சி, பருத்திக் காயில் மொய்க்கும் சிவப்பு நாவாய்ப்பூச்சி எல்லாம் உறவினர்களே. மூட்டைப்பூச்சியும் அதே பெருங்குடும்பந்தான். மூட்டைப்பூச்சியை நசுக்கியவர்களுக்கு அந்த உறவு மூக்கின் வழியாகவே தெரிந்திருக்கும்!

பஞ்சு அரவைக்குப் பெயர்பெற்ற நம் பகுதிக்கு இவர்கள் புதியவர்களும் அல்லர். வெடித்த பருத்திக்குள் புகுந்து விதையை உறிஞ்சும் சிறிய கரும்பழுப்பு நாவாய்ப்பூச்சி ஒன்று உண்டு. பருத்தியோடு அதுவும் அரவை எந்திரத்துக்குள் போய் நசுங்கும். பஞ்சில் கறை விழும். கோயமுத்தூரில் பூச்சியியல் அதிகாரியாக இருந்த பெயின்பிரிக் ஃபிளெச்சர் 1914இல் வெளியிட்ட தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூலிலேயே பருத்தி நாவாய்ப்பூச்சிகளுக்கு இடம் தந்திருக்கிறார்.

அவரை நாவாய்ப்பூச்சியைப் பலர் வண்டு என்று நினைத்துவிடுகிறார்கள். அதன் முதுகிலுள்ள கேடயம் போன்ற தகடு உடல் முழுவதையும் மூடிக்கொண்டிருப்பதுதான் காரணம். அதன் பின்புறம் வெட்டி விட்டாற்போல் தட்டையாக இருக்கும். இலைமேல் இரண்டு வரிசையாக முட்டை இடும். அந்த முட்டைகளின் அடியில் தாய்ப்பூச்சி சின்னஞ்சிறு பழுப்பு உருண்டைகளையும் வைத்துவிட்டுப் போகிறது. அவை முழுவதும் பாக்டீரியாக்கள். பொரித்து வரும் குஞ்சுகள் முதல் வேலையாக அவற்றை உறிஞ்சிக்கொள்கின்றன. வெறும் செடிச்சாற்றில் கிடைக்காத சத்தை அந்தப் பாக்டீரியாக்கள் வயிற்றுக்குள் இருந்து தயாரித்துத் தருகின்றன. அந்த உருண்டை கிடைக்காத குஞ்சு சரியாக வளராது. தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு என்று இதைச் சொல்லலாமல்லவா?

நாற்றக் கிடங்கு

வளர்ந்த பூச்சியின் மார்புப் பகுதியில், கால்கள் முளைக்கும் இடத்துக்கு அருகில், இரு பக்கமும் சிறு துளைகள் உள்ளன. உள்ளேயுள்ள சுரப்பியிலிருந்து எண்ணெய் போன்ற திரவம் அவற்றின் வழியே வெளிவரும். துளையைச் சுற்றியுள்ள தோல் வழவழப்பாக இல்லை. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் குட்டிக் குட்டிக் காளான்கள் நெருக்கமாக முளைத்த நிலம்போல் தெரிகிறது. பரப்பு அதிகமானால் ஆவியாதலும் அதிகமாகும் என்பது நீங்கள் படித்ததுதானே? ஈரத்துணியை உருட்டி வைக்காமல் விரித்துக் காயவைக்கும் அதே தத்துவத்தைப் பூச்சி தன் தோலிலேயே வைத்திருக்கிறது. திரவம் உடல் முழுதும் வழிந்து தனக்கே கேடு செய்துவிடாமல் அந்தக் காளான் நிலம் அதைப் பிடித்தும் வைத்துக்கொள்கிறது.

திரவத்தில் இருப்பவை பெரும்பாலும் ஆல்டிஹைடு என்னும் வகைச் சேர்மங்கள். டெசினால், ஆக்டினால் என்பவை அவற்றில் முக்கியமானவை. இதே டெசினால் பச்சைக் கொத்தமல்லித் தழையிலும் இருக்கிறது! பூச்சியின் நாற்றமும் தழையின் மணமும் ஒன்றுக்கொன்று கிட்டத்தில் இருப்பது இதனால்தான். மூட்டைப்பூச்சியைக் குறிக்கும் 'கோரிஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்துதான் கொத்தமல்லியின் ஐரோப்பியப் பெயர் பிறந்தது என்று சொல்வார்கள். விதை முற்றித் தனியா ஆகும்போது இந்த ஆல்டிஹைடுகள் குறைந்து, வேறு இனிய மணப்பொருள் மிகுந்துவிடுகிறது. ஆகவே ரசத்தைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம்.

இனி ஒரு சிறு கணக்கு. நசுங்கிய பூச்சிகளிலிருந்து ஒரு மில்லிகிராம் டெசினால் வெளிவந்ததாக வைத்துக்கொள்வோம். டெசினாலின் மூலக்கூறு எடை 154. அப்படியானால் 154 கிராமில் அவகாட்ரோ எண் அளவுக்கு, அதாவது 6 போட்டு 23 பூச்சியங்கள் போட்டால் வரும் அளவுக்கு, மூலக்கூறுகள் இருக்கும். (பூச்சிக்குப் பூச்சியம் பொருத்தந்தான்.) ஒரு மில்லிகிராமில் ஏறத்தாழ 4 போட்டு 18 பூச்சியங்கள். நம் அறை 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால் அதன் பருமன் 27 கன மீட்டர். அதாவது 2 கோடியே 70 லட்சம் கன சென்டிமீட்டர். வகுத்துப் பாருங்கள். அறையின் ஒவ்வொரு கன சென்டிமீட்டர் காற்றிலும் சுமார் 15,000 கோடி மூலக்கூறுகள்! பூச்சி பத்தில் ஒரு பங்கு மட்டுமே விட்டிருந்தாலும் 1,500 கோடி. கண்ணுக்குத் தெரியாத துளி அறை முழுவதையும் நாறடிப்பது எப்படி என்பது இப்போது விளங்கும்.

ஆனால் இந்த மூலக்கூறுகள் அறையின் மறு மூலைக்கு எவ்வாறு போய்ச் சேருகின்றன? அறை வெப்பத்தில் டெசினால் மூலக்கூறு ஒன்றின் சராசரி வேகம் விநாடிக்கு 200 மீட்டர். அப்படியானால் கண் இமைப்பதற்குள் போய்விடும் என்று சொல்லத் தோன்றும். அது தவறு. காற்று மூலக்கூறுகளோடு அது ஒரு விநாடியில் நூற்றுக்கணக்கான கோடி முறை மோதித் திசை மாறிக்கொண்டே இருக்கிறது. தேர்க்கூட்டத்தில் மாட்டிக்கொண்டவன் எவ்வளவு வேகமாகக் கால் வைத்தாலும் தெருமுனைக்குப் போய்ச் சேருவதில்லை அல்லவா, அப்படி. காற்று அசையாமல் நின்றால், விரவலால் மட்டும் 3 மீட்டர் கடக்க அதற்கு நாள் கணக்கில் ஆகும்! நடைமுறையில் சில விநாடிகளில் நாற்றம் வருவது காற்றோட்டத்தால்தான். அதிலும் கூரை விசிறி இந்த வேலையை வெகு சிறப்பாகச் செய்கிறது. ஆகவே பூச்சி நசுங்கிவிட்டால் முதலில் விசிறியை நிறுத்துங்கள். நசுங்கிய இடத்தைச் சோப்பு நீர்த் துணியால் துடைத்து, அந்தத் துணியை வெளியே போட்டுவிட்டு, கதவு சன்னல்களைத் திறந்தபின் விசிறியைப் போடுங்கள். பெரும்பாலோர் செய்வது இதற்கு நேர்மாறு.

பகலில் வெள்ளை, இரவில் விளக்கு

அவரை நாவாய்ப்பூச்சி பெரும்பாலும் பகலில் பறப்பது. அதற்கு வெளிர் நிறப் பரப்புகள் மேல், குறிப்பாக வெள்ளைமேல், ஒரு நாட்டம் உண்டு. இதை உலகம் கவனித்தது அமெரிக்காவில். ஆசிய நாடுகளுக்கு உரிய இந்தப் பூச்சி 2009ஆம் ஆண்டு அக்டோபரில் அங்குள்ள ஜார்ஜியா மாநிலத்தில் முதன்முதலாகக் காணப்பட்டது. நம் அவரைப் பந்தலில் இருக்கும் அதே இனந்தான். ஆனால் அங்கே போனது ஜப்பானிலிருந்து என்று மரபணு ஆய்வில் தெரிந்தது. குளிர்காலம் நெருங்கியதும் அவை ஒதுங்க இடம் தேடி வீடுகளின் வெள்ளைச் சுவர்களில் ஆயிரக்கணக்கில் வந்து உட்கார்ந்தன. சன்னல் இடுக்குகள் வழியே உள்ளே புகுந்தன. நமக்குக் கடுங்குளிர் கிடையாது. அவ்வளவு பெரிய படையெடுப்பும் கிடையாது. ஆனாலும் வெள்ளைத் துணியும் வெள்ளைச் சுவரும் பந்தலுக்குப் பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதை அந்தக் கதை காட்டுகிறது. துணிக் கொடியைப் பந்தலிலிருந்து நன்றாகத் தள்ளிக் கட்டுங்கள். எடுக்கும்போது ஒவ்வொரு துணியையும் வெளியிலேயே உதறுங்கள். பிசிறு வெட்ட வந்த பண்டலைத் திண்ணையில் திறந்து வைக்காமல் மூடி வையுங்கள்.

இரவில் வருபவர்கள் வேறு ஆட்கள். பச்சை நாவாய்ப்பூச்சி, கதிர்நாவாய்ப்பூச்சி, மழை பெய்த மறுநாள் மண்ணுக்குள்ளிருந்து கிளம்பும் சிறிய கறுப்பு நாவாய்ப்பூச்சிகள் ஆகியவை விளக்கைத் தேடி வரும். பூச்சிகள் ஏன் விளக்கைச் சுற்றுகின்றன? நிலாவைப் பார்த்துத் திசையறியும் பூச்சி விளக்கை நிலா என்று எண்ணி ஏமாறுகிறது என்றே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2024இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் அதிவேகப் படக்கருவிகளால் பூச்சிகளின் பறத்தலைப் படமெடுத்து வேறு விடை கண்டார்கள். பறக்கும் பூச்சி எப்போதும் தன் முதுகை ஒளி மிகுந்த பக்கமாகத் திருப்பிக்கொள்கிறது. இயற்கையில் ஒளி மிகுந்த பக்கம் வானமே. ஆகவே முதுகு மேலே, கால் கீழே என்று நேராகப் பறக்க முடிகிறது. விளக்கருகே வந்ததும் முதுகை விளக்குப் பக்கம் சாய்க்கிறது, சாய்ந்ததால் வளைகிறது, மறுபடி சாய்க்கிறது. இப்படியே சுற்றிச் சுற்றி வந்து மாட்டிக்கொள்கிறது. விளக்குக்கு மேலாகப் பறக்க நேர்ந்தால் மல்லாந்து தலைகீழாகக் கீழே விழுகிறது! இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் பயன்படும்.

பூச்சியின் கண்ணுக்கு நாம் காணாத புற ஊதா ஒளி நன்றாகத் தெரியும். பாதரச ஆவி விளக்கில் 365 நானோமீட்டர் அலைநீளத்தில் புற ஊதா வரி ஒன்று பலமாக உண்டு. குழல் விளக்கிலும் அது சிறிது கசியும். எல்.இ.டி. விளக்கில் புற ஊதா ஏறக்குறைய இல்லை. ஆனால் வெள்ளை எல்.இ.டி.யில் 450 நானோமீட்டர் அளவில் நீலம் மிகுதி. மஞ்சள் சாயலுள்ள எல்.இ.டி.யில் நீலமும் குறைவு. வாசல் விளக்கை மாற்ற வேண்டுமானால் மஞ்சள் சாயல் விளக்கே நல்லது. வரும் பூச்சிகள் குறையும்; அடியோடு நிற்கும் என்று நான் சொல்லமாட்டேன்.

இன்னொன்று, விளக்கின் இடம். கதவிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் இருக்கும் விளக்கை 4 மீட்டர் தூரத்துக்கு நகர்த்தினால், எதிர்விகித வர்க்க விதிப்படி கதவின்மேல் விழும் ஒளி 16இல் ஒரு பங்காகும். செலவில்லாத வைத்தியம் இது. லைன் வீடுகளில் எல்லாக் கதவுகளும் ஒரே தாழ்வாரத்தில் திறப்பதால், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு விளக்குக்குப் பதிலாகத் தாழ்வாரத்தின் கோடியில் ஒன்று போட்டால் அத்தனை வீடுகளுக்கும் நன்மை.

பிடிப்பது எப்படி?

தள்ளி வைத்த அந்த விளக்கைத் தாழத் தொங்கவிட்டு, அதன் கீழே ஓர் அகன்ற பேசினில் சோப்பு நீர் வையுங்கள். வயிரை நீருக்கு எட்டாதபடி பெரியவர்கள் பாதுகாப்பாகக் கட்டித் தர வேண்டும்; அல்லது மின்கலத்தில் எரியும் விளக்கைப் பயன்படுத்த வேண்டும். விளக்குக்கு மேலே பறந்து மல்லாந்து விழும் பூச்சி பேசினுக்குள் விழும். உழவர்கள் வைக்கும் விளக்குப்பொறியின் தத்துவமும் ஏறத்தாழ இதுதான்.

சோப்பு எதற்கு? வெறும் நீரில் விழுந்த பூச்சி பெரும்பாலும் மிதந்து கரையேறிவிடும். நீரின் பரப்பு இழுவிசை சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 72 டைன். பூச்சியின் மெழுகுத் தோலில் நீர் ஒட்டுவதும் இல்லை. சோப்பு கரைத்தால் இழுவிசை 30 டைன் அளவுக்குக் குறைகிறது. நீர் தோலில் படர்ந்து, உடலின் பக்கங்களிலுள்ள மூச்சுத் துளைகளுக்குள் புகுந்துவிடுகிறது. ஒரு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி சோப்புத்தூள் தாராளம்.

பந்தலில் இருப்பவற்றைப் பிடிக்க அதிகாலையே ஏற்ற நேரம். பூச்சிக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை. காற்று குளிர்ந்தால் அதுவும் குளிர்ந்து மந்தமாகிவிடும். மார்கழிக் காலையில் அதே பேசினைக் கொடிக்குக் கீழே பிடித்துக்கொண்டு தண்டைத் தட்டினால் பறக்க முடியாமல் பொலபொலவென்று உதிரும். வெயில் ஏறியபின் தட்டினால் பேசினில் நீர் மட்டுந்தான் மிஞ்சும். இரண்டு வரிசை முட்டைகள் உள்ள இலையைக் கண்டால் அந்த இலையைக் கிள்ளிச் சோப்பு நீரில் போட்டுவிடலாம். வீட்டுக்குள் சுவரில் தனியாக ஒன்று உட்கார்ந்திருந்தால் வாய் அகன்ற டம்ளரைக் கவிழ்த்து, அடியில் ஓர் அட்டையைச் செருகி, வெளியே கொண்டுபோய் விடுங்கள். துடைப்பத்தால் அடிக்க வேண்டாம். பூச்சியின் திரவம் கண்ணில் பட்டால் எரியும்; கை கழுவாமல் கண்ணைக் கசக்கக்கூடாது. மற்றபடி இது செடிச்சாற்றைத் தேடும் பூச்சி. மூட்டைப்பூச்சி போல நம் இரத்தத்தைத் தேடி வருவதில்லை.

வரும் வழியையும் அடைக்க வேண்டுமல்லவா? இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒருவர் வெளியே நின்று டார்ச் விளக்கைக் கதவின் ஓரங்களில் நகர்த்திக்கொண்டே போகட்டும். உள்ளே இருப்பவருக்கு ஒளி தெரியும் இடமெல்லாம் இடுக்கு. ஒளி நேர்கோட்டில் செல்லும் என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல செய்முறை கிடைக்காது. அடைக்கும் பொருளுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. கட்டிங் வேஸ்ட் துணிகளைக் கயிறுபோல் முறுக்கிக் கதவடியிலும் கூரை ஓட்டின் கீழும் திணித்தால் போதும். சன்னலுக்குக் கொசுவலை.

மருந்து அடித்தால் என்ன?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்தைப் பந்தலுக்கும், சில சமயம் வீட்டுக்குள்ளேயும் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். ஒரு மில்லிகிராம் டெசினால் அந்தச் சிறு அறையில் அவ்வளவு நிறைந்தது என்றால், ஒரு தெளிப்பானிலிருந்து பல ஆயிரம் மில்லிகிராமாக வெளிவரும் நஞ்சு என்ன செய்யும்? கதவை அடைத்துக்கொண்டு நான்கைந்து பேர் படுக்கும் ஓர் அறை வீட்டில் அது காற்றிலும் பாயிலும் பாத்திரத்திலும் படியும். தரையில் தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும்.

மோனோகுரோட்டோபாஸ் என்னும் மருந்து ஒரு காலத்தில் பருத்திக்கு மிகுதியாக அடிக்கப்பட்டது. காய்கறிகளில் அதைப் பயன்படுத்த 2005இலேயே தடை வந்துவிட்டது, அவரை காய்கறிதான். 2013 ஜூலை 16 அன்று பீகாரில் சாரண் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்துபோனார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது சோதனையில் தெரிந்தது. மருந்து இருந்த டப்பாவை எவ்வளவு கழுவினாலும் வீட்டில் வேறெதற்கும் எடுக்கக்கூடாது.

மருந்தால் இன்னொரு நட்டமும் உண்டு. நாவாய்ப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதை அழிக்கும் நுண்ணிய குளவிகள் இருக்கின்றன. ஜார்ஜியாவில் 2013இல் அத்தகைய ஆசியக் குளவி ஒன்று தானாகவே வந்து சேர்ந்தது கண்டறியப்பட்டது. அந்தக் குளவியும், பூச்சிமேல் வளரும் ஒரு வெள்ளைப் பூசணமும் சேர்ந்து அடுத்த சில ஆண்டுகளில் அங்கே பூச்சியின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தன. அத்தகைய முட்டைக்குளவிகள் நம் தோட்டங்களிலும் உண்டு. மருந்து அடிக்கும்போது முதலில் சாவது அவைதாம்.

நீங்கள் செய்து பாருங்கள்

விரவல், காற்றோட்டம் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சோதிக்கப் பூச்சி வேண்டியதில்லை. அதன் மணப்பொருளைக் கொண்ட பச்சைக் கொத்தமல்லி போதும். ஒரு கைப்பிடித் தழையை அம்மியில் வைத்து நன்றாக நசுக்கி, மூடியுள்ள டப்பாவில் போட்டு அறையின் ஒரு மூலையில் வையுங்கள். கதவு, சன்னல், விசிறி மூன்றையும் நிறுத்திவிட்டு நண்பர் ஒருவரை எதிர் மூலையில் கண்ணை மூடி உட்காரச் சொல்லுங்கள். மூடியைத் திறந்த நேரத்தையும் அவர் மணம் வந்ததாகக் கை தூக்கிய நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அறையை நன்றாகக் காற்றாட விட்டு, புதுத் தழையோடு, இம்முறை விசிறியைச் சுழலவிட்டுச் செய்யுங்கள். மூன்றாவதாக, நசுக்கிய தழையை ஒரு தட்டில் பரப்பி வைத்துச் செய்யுங்கள். பூச்சியின் தோலிலுள்ள காளான் நிலத்தின் பயன் அப்போது தெரியும். ஒவ்வொன்றையும் மூன்று தடவை செய்து சராசரி எடுக்க வேண்டும். விசிறி இல்லாதபோதும் சில நிமிடங்களில் மணம் வந்துவிட்டால், விரவலுக்கு நாள் கணக்கில் ஆகும் என்று நான் எழுதியது பிழை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்; உங்கள் நண்பரின் மூச்சும் உடல் வெப்பமும் சேர்ந்தே அறைக் காற்றை எவ்வளவு அசைக்கின்றன என்பதை ஓர் ஊதுவத்திப் புகையை வைத்துப் பாருங்கள்.